படம் விட்டுப்போன கேள்வி

நீட் பயிற்சி மையத்தில் தேர்வுகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கேள்வித்தாள் எப்படித் தயாராகிறது, விடைத்தாளை எந்த இயந்திரத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருத்தணியில் ஒரு பயிற்சி மையத்தில் இதே வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தேன். அங்கே படித்த ரேணுகா என்ற பெண்ணைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். கேட்டபின் மனசு லேசாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு இன்னும் ஆகவில்லை.

எங்கள் மையம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு. சாயங்காலத்துக்குள் இயந்திரம் திருத்திக் கொடுத்துவிடும். மதிப்பெண் பட்டியலை மாடிப்படிக்கு எதிரே இருக்கும் சுவரில் ஒட்டுவோம். பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவிலும் போடுவோம். கேள்விகள் எல்லையைத் தாண்டி ஆந்திராவில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கியவை. பெரிய கேள்வி வங்கி. அதிலிருந்து வாரம் ஒரு தாள் எடுத்து அனுப்புவார்கள். அவர்களுடைய செயலியிலும் அதே வங்கிதான். பிள்ளைகள் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அதில் பயிற்சி செய்வார்கள். கிருத்திகை வந்து மலைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டால், ஒலிபெருக்கிச் சத்தத்தில் பிள்ளைகளின் கவனம் கெடும் என்று நிர்வாகி தேர்வையே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார். எல்லாம் பிள்ளைகளுக்கு வசதியாகவே இருந்தது.

ரேணுகா கே.ஜி.கண்டிகைப் பெண். அவள் அப்பா முனிரத்தினம் வீட்டு முன்கட்டிலேயே விசைத்தறி ஓட்டிக் கூலிக்கு நெய்கிறவர். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். பிளஸ் டூ முடித்த கையோடு எழுதிய நீட்டில் இடம் கிடைக்கவில்லை. எங்களிடம் ஒரு வருடம் இருந்து மறுபடி எழுதச் சேர்ந்திருந்தாள். தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தவள் என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. நல்ல மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும்.

ஏன் டாக்டராக வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். மற்ற பிள்ளைகள் சேவை என்பார்கள், அம்மாவின் ஆசை என்பார்கள். இவள் சொன்னாள்: "எங்க தெருவுல யாருக்கு மாத்திர வாங்கினு வந்தாலும் என்னத்தான் மிஸ் கூப்புடுவாங்க. அட்டையில இன்னா எழுதிருக்குதுன்னு படிச்சி சொல்லணும். படிக்கத்தான் தெரியுது. அது எதுக்குன்னு தெரியல. தெரிஞ்சா சொல்லலாமில்ல?"

ஆடியில் அவளுடைய பெயர் பட்டியலின் நடுவில் இருந்தது. ஆவணியில் முதல் பத்துக்குள் வந்தது. புரட்டாசியில் முதலிடம். எழுநூற்று இருபதுக்கு ஐந்நூற்று அறுபது, ஐந்நூற்று எழுபது என்று எடுத்துக்கொண்டிருந்தாள். மையமே அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நானும்தான்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இயற்பியல் பகுதியில், "படத்தில் காட்டியுள்ள சுற்றின் மொத்த மின்தடை என்ன?" என்று ஒரு கேள்வி. அச்சடித்த இடத்தில் படம் விட்டுப்போயிருந்தது. கேள்வி இருக்கிறது, நான்கு விடைகள் இருக்கின்றன, நடுவில் வெறும் வெள்ளை இடம். தேர்வு நடக்கும்போது ஒரு பிள்ளைகூட எழுந்து கேட்கவில்லை. விடைத்தாள்களை இயந்திரத்தில் கொடுக்கப்போகும்போதுதான் நான் பார்த்தேன். எல்லோருக்கும் நான்கு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்று விடைத்தாள்களைப் புரட்டினால், பட்டியலில் மேலே இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் அதற்குச் சரியான விடையைக் குறித்திருந்தார்கள்.

படமே இல்லாத கேள்விக்குச் சரியான விடை.

பார்த்து எழுதியிருப்பார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அன்று அறையில் நானேதான் மேற்பார்வை, அப்படி நடக்கவில்லை. மறுநாள் ரேணுகாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன்.

"இங்க படமே இல்லையேம்மா. எப்படி விடை போட்ட?"

அவள் சிரித்தாள். மறைக்க எதுவும் இல்லாதவளின் சிரிப்பு. "இது அந்த ஆறு ரெசிஸ்டர் கணக்கு மிஸ். முக்கோணமா வரும். ஆன்சர் ரெண்டு ஓம். ஆப்ல எத்தினி வாட்டி வந்துருக்குது."

"சரி. அதுல ஒண்ணை எடுத்துட்டு அஞ்சு ரெசிஸ்டரா குடுத்தா?"

கொஞ்சம் யோசித்தாள். பேனா மூடியைக் கடித்தாள். பிறகு, "அப்பிடி குடுக்க மாட்டாங்க மிஸ்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது. அவள் ஏமாற்றுக்காரி அல்ல; சோம்பேறியும் அல்ல. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை கணக்குப் போட்டவள். ஆனால் ஞாயிறுதோறும் நாங்கள் அளந்துகொண்டிருந்தது, அந்தக் கேள்வி வங்கியை அவள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதை. அதைத்தான் நீட் எழுதத் தயாராகிவிட்டதாக நாங்களும் நினைத்தோம், அவளும் நினைத்தாள், அவள் அப்பாவும் நினைத்தார்.

நிர்வாகியிடம் போனேன். பிள்ளைகள் யாரும் பார்த்திராத கேள்விகளைக்கொண்டு ஒரு தாள், பழக்கமில்லாத இடத்தில், உண்மைத் தேர்வு நடக்கும் பிற்பகல் நேரத்தில் வைக்க வேண்டும் என்றேன். அவர் யோசித்து, "ஒரே ஒரு தடவை மேடம்" என்று சம்மதித்தார். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இருந்த இரண்டு ஆசிரியர்களும் நானும் உட்கார்ந்து கேள்விகளை எழுத ஆரம்பித்தோம். பாடப்புத்தகத்துக்கு வெளியே போகவில்லை. கடினமாகவும் ஆக்கவில்லை. கேள்விகள் மட்டும் எங்களுடையவை.

அந்தச் சமயத்தில்தான் முனிரத்தினம் வந்தார். தறிச் சத்தத்திலேயே வாழ்கிறவர் என்பதால் எங்கே போனாலும் உரக்கப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார்.

"மிஸ், பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு வந்துருக்குது. கவர்மெண்டு காலேஜு. பன்னெண்டாவது மார்க்க வெச்சி போட்டிருந்தோம். தீபாவளிக்கு முன்னாடி சேரணுமாம். இவ வேணாங்கறா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? சண்டே சண்டே மார்க்கு போன்ல வருது. ஏறிகினே போவுது. டாக்டராவப்போற பொண்ண நர்சுக்கு போன்னு எப்பிடி சொல்றது? எவ்ளோ வரும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கச் சொன்னேன். "ஆங், சரிங்க மிஸ்" என்று போனார்.

அந்தத் தேர்வைக் கனகம்மாசத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் வைத்தோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருப்பதி ரோடு. லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, கைப்பேசி, கைக்கடிகாரம், கம்மல் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லி உள்ளே விட்டோம். முதல் பக்கத்தைப் புரட்டியதுமே அறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வழக்கமாகத் தாள் கையில் வந்த நொடியிலேயே பேனாக்கள் ஓடும். அன்று ஓடவில்லை. ரேணுகா முதல் கேள்வியைப் படித்தாள், இரண்டாவதுக்குப் போனாள், திரும்ப முதலுக்கே வந்தாள். மையத்தில் எப்போதும் முன்னதாக முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அன்று மணி அடித்த பின்பும் குனிந்திருந்தாள்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "இது எந்த பேப்பர் மிஸ்? எங்கருந்து எட்த்தீங்க?"

"நாங்களே எழுதினது."

"அதானே பாத்தேன்" என்றாள். அவளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. நாங்கள் எழுதியது என்றால் அது உண்மைத் தேர்வு மாதிரி இருக்காது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது.

எல்லோருக்கும்தான் குறைந்தது. ஆனால் ஒரே மாதிரி குறையவில்லை. தினேஷ் என்று ஒருவன், பழக்கடைக்காரர் மகன். சுவரில் அவன் பெயர் எப்போதும் நடுவில்தான். எந்தத் தேர்வையும் நேரத்துக்குள் முடிக்கமாட்டான். அவனுக்குப் பத்துப் பதினைந்துதான் குறைந்திருந்தது. அதனால் வரிசையே புரண்டுபோயிற்று: தினேஷ் மேலே, ரேணுகா கீழே.

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். ஒரு தாளை வைத்து ஒரு பெண்ணின் வருடத்தை முடிவு செய்துவிட முடியாது. புது இடம், வெயில், லாரிச் சத்தம், அன்று காலையில் வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். அன்று தனக்குத் தலைவலி இருந்ததாகவும் சொன்னாள். அது பொய்யாக இருக்காது. நான் மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய தவறுகளை மட்டும் பார்த்தேன். தலைவலியில் செய்யும் தவறுகள் சிதறிக் கிடக்கும். சுலபமானதும் போயிருக்கும், கஷ்டமானதும் போயிருக்கும். இவளுடையவை சிதறவில்லை. புத்தக வரியை நேராகக் கேட்ட இடமெல்லாம் சரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டிய இடமெல்லாம் தவறு. உயிரியலிலும் அப்படித்தான், இயற்பியலில் இன்னும் மோசம். மே மாதத்துக்குள் நானூற்றைத் தாண்டலாம். நன்றாக உழைத்தால் நானூற்று ஐம்பதுகூட வரலாம். அவள் ஆசைப்பட்ட இடத்துக்கு அது போதாது. அதுதான் என் கணிப்பு. தவறாகவும் இருக்கலாம் என்ற பயம் இருந்தது. ஆனால் அப்பா கேட்டிருக்கிறார், நாள் நெருங்குகிறது, பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான்.

பட்டியலைப் பார்த்ததும் நிர்வாகியின் முகம் மாறியது. "இத ஒட்டாதீங்க மேடம். குரூப்லயும் போடாதீங்க."

"சார், மத்ததெல்லாம் ஒட்டறோம். இதையும் ஒட்டணும்."

"எப்பவோ ஒருத்தன் ஒரு டெஸ்ட்ல மார்க்கு கொறஞ்சிட்டுதுன்னு மலையடிவாரத்துல போய் குந்திகினு வரமாட்டேன்னுட்டான். நான்தான் போய் இட்டுனு வந்தேன். உங்களுக்கு தெரியாது. ஒரு நாள் பேப்பர வெச்சி இத்தினி பேர ஒடைக்கச் சொல்றீங்களா?"

அவர் நடிக்கவில்லை. பயம் உண்மையானது. அதோடு, பஸ் நிலையத்தில் வைக்க ரேணுகா படம் போட்ட பிளெக்ஸ் பேனருக்கும் சொல்லியிருந்தார் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கும். உங்கள் நிர்வாகிகளிடமும் இருக்கும். அந்த ஒரு குடும்பத்துக்காவது சொல்லியே தீருவேன் என்றேன். "சொல்லுங்க. ஆனா சென்டர் சொல்லிச்சின்னு சொல்லாதீங்க" என்றார்.

கண்டிகை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். ரேணுகாவும் வந்திருந்தாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது போல, என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். புதுத் தாளில் வந்த மதிப்பெண் இது, மே மாதம் வரக்கூடியது இவ்வளவு, கையில் இருக்கும் இடத்தில் சேருவது நல்லது.

அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ இத்தினி பரிட்சையும் பொய்யா மிஸ்?"

"பொய் இல்லீங்க. அந்தக் கேள்விங்களே வந்தா அந்த மார்க்கு வரும். மே மாசம் வேற கேள்வி வரும்."

"நீங்க ஒரு பேப்பர் வெச்சீங்க, அது ஒண்ணு சொல்லுது. அவ்ளோ பேப்பரு வேற ஒண்ணு சொல்லுது. தெருவுல அத்தினி பேரும் போன்ல பாத்துருக்கறாங்க. நான் எத மிஸ் நம்பறது?"

ரேணுகா திரும்பினாள். "அன்னிக்கி தலவலி நைனா. சத்தியமா. இனிமே இப்பிடி ஆவாது."

"ரேணுகா, நர்சிங் படிச்சிகினே அடுத்த வருஷம் எழுதிப் பாக்கலாம்மா. யாரும் தடுக்கப்போறதில்ல" என்றேன்.

"என்னால ஆவாதுன்னு நெனைக்கறீங்க இல்ல மிஸ்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆகாது என்று நான் சொல்லவில்லை; இந்த மே மாதத்துக்குள் ஆகாது என்றுதான் நினைத்தேன். அந்த வித்தியாசத்தை டீக்கடையில் நின்று, கண்ணில் நீரோடு நிற்கும் பெண்ணுக்கு விளக்க முடியவில்லை. விளக்கித்தான் பார்த்தேன். அவள் காதில் விழுந்தது ஆகாது என்பது மட்டும்.

நர்சிங்கில் சேரக் கடைசி நாள் காலையில் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். பின்னால் தறி ஓடும் சத்தம். "வுட்டாச்சு மிஸ். அவ ஆசப்படறா. வுட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேசுகிறவரின் குரல்.

அதற்கப்புறம் என்னால் முடிந்ததைச் செய்தேன். மதியம் ஒரு மணி நேரம் அவளைத் தனியாக உட்காரவைத்து, செயலியை மூடச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு எண்ணையோ ஒரு நிபந்தனையையோ மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் முறையாகச் செய்தாள். ஏன் என்று கேட்கத் தொடங்கினாள். அதனால் அவள் வேகம் குறைந்தது. ஞாயிறு தேர்வில் ஐந்நூற்றுச் சொச்சத்தில் இருந்தவள் நானூற்று எண்பதுக்கு இறங்கினாள். உண்மையில் அப்போதுதான் அவள் படிக்க ஆரம்பித்திருந்தாள். ஆனால் பட்டியலில் அது சரிவாகத்தான் தெரிந்தது. வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு அம்மா, "ரேணுகாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மறுநாளே அவள் என் மதிய வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பழையபடி முதலிடம். நான் போய்க் கூப்பிட்டபோது, "மே மாசம் வரைக்கும் இப்பிடியே போறேன் மிஸ். இப்போ கொறஞ்சா நைனாவால தாங்க முடியாது" என்றாள்.

மே மாதம் தேர்வு முடிந்து சாயங்கால ரயிலில் திரும்பிய பிள்ளைகள் பிளாட்பாரத்தில் கூடி விடைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை.

முடிவு வந்த அன்று மையத்தில் கூட்டம். நிர்வாகி இனிப்பு வாங்கி வைத்திருந்தார்; நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைப் படம் எடுக்க ஆளும் வந்திருந்தார். தினேஷுக்கு நானூற்று முப்பத்தெட்டு வந்திருந்தது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, பிற்பாடு சித்த மருத்துவத்தில் சேர்ந்தான். ரேணுகாவின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நானூற்று மூன்று.

அவள் போன் அணைந்திருந்தது. அப்பா எடுக்கவில்லை. இந்த வேலையில் உங்களுக்கு என்ன விதி இருந்தாலும் இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: முடிவு வரும் நாளில் சிரிக்கிறவர்களை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அடுத்த வண்டியைப் பிடித்து மற்றவர்களின் வீட்டுக்குப் போங்கள். நிர்வாகி, "போட்டோவுக்கு நிக்காம எங்க போறீங்க மேடம்?" என்றார். சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஆட்டோ பிடித்துக் கண்டிகைக்குப் போனேன்.

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முனிரத்தினமும் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தறியை நிறுத்தவில்லை. வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். "காத்தாலர்ந்து கதவ தொறக்கல மிஸ். கூப்புட்டா ம்னு மட்டும் சொல்றா."

ம் என்று சொல்கிறாள். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மார்க்கா பெரிசு என்று சொன்னால் அது பொய்; ஒரு வருடமாக நாங்கள் அதைத்தான் பெரிசாக்கியிருந்தோம். அடுத்த வருடம் எழுதலாம் என்று சொன்னால் அது இன்னொரு பாரம். நான் அன்றைக்கே சொன்னேனே என்பது மனதில் வரவே கூடாத வாக்கியம்.

"ரேணுகா, மிஸ் வந்திருக்கேன். வெயில்ல வந்தது தலை சுத்துது. கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன்.

அவள் அம்மா தண்ணீர் எடுக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. நின்றுவிட்டார். வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போய், சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள். பிறகு அங்கேயே, என் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்ன மார்க்குதான் மிஸ் வந்துருக்குது."

சொம்பைக் கீழே வைத்தேன்.

"அந்த மார்க்க ஏன் மிஸ் சொவுத்துல ஒட்டல? எல்லாரும் பாத்துருந்தா நைனா நம்பியிருப்பாரு. நானும் நம்பியிருப்பேன்."

நிர்வாகி ஒட்ட வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சரியான எண்ணை ஒருமுறை, டீக்கடையில், மூன்று பேருக்குள் சொன்னேன். தவறான எண்ணை ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்கே சொன்னோம். எது நிற்கும்?

தறி நின்றது. திடீரென்று வந்த அமைதியில் முனிரத்தினம் கையில் ஒட்டியிருந்த நூல்பிசிறைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் எதிரில் குந்தினார். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னொரு வருசம் வுட்டா எவ்ளோ மிஸ் வரும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரேணுகா சொன்னாள். "நான் எழுதல நைனா."

"இல்ல பாப்பா, மிஸ்ஸு—"

"எழுதல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. போகுமுன் அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இரவு பகல் யாராவது அவளோடு இருக்க வேண்டும், தாழ்ப்பாள் போடவிடக் கூடாது என்றேன். அந்த வாரம் முழுக்கத் தினமும் போனேன். ஒருநாள் அவளை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். முனிரத்தினம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த வருடம் நர்சிங்குக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். அரசு இடம் இம்முறை வரவில்லை. ஊரிலேயே கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் பேர் பதிகிற வேலையில் இருக்கிறாள். பார்த்தால் பேசுவாள். சாப்பிட்டீங்களா மிஸ் என்று கேட்பாள். அந்த ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன்.

அடுத்த ஆண்டு, புதுத் தாள்களின் மதிப்பெண்ணையும் மற்றவற்றோடு ஒட்டினால்தான் தேர்வுப் பிரிவில் இருப்பேன் என்று நிர்வாகியிடம் சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்றார். ஆடி வரை பார்த்தேன். பிறகு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

மாதிரித் தேர்வு உண்மைத் தேர்வை எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று உங்களிடம் கேட்பார்கள். பிள்ளை முன்பின் பார்த்திராத தாளாக இருந்தால், அதே வெயிலில், அதே நேரத்தில் எழுதியதாக இருந்தால், ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்கு வைத்திருந்தால், ஓரளவு சொல்லும். மற்றதெல்லாம் பிள்ளை எதைப் பார்த்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பெற்றோரிடம் ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். இதற்கும் இதற்கும் நடுவில் என்று சொல்லுங்கள். கீழ் எண்ணை முதலில் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள், எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் மேலிடம் வேண்டாம் என்றால் அங்கேயே சண்டை போடுங்கள். அப்போது விட்டுவிட்டுப் பிறகு பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றால், சண்டை போட எதுவும் மிஞ்சியிருக்காது.

சென்ற ஆவணியில் முனிரத்தினம் போன் செய்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டேன். ரேணுகாவுக்கு ஒரு தங்கை, ஹேமா. பிளஸ் டூ வந்துவிட்டாள். வேறொரு மையத்தில் சேர்த்திருக்கிறார்களாம்.

"இவளுக்கும் சண்டே சண்டே மார்க்கு வருது மிஸ். ஏறிகினே இருக்குது" என்றார். சந்தோஷம் இல்லாத குரல். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "நீங்க ஒரு பேப்பர் எழுதித் தர்றீங்களா? இவ பாக்காத பேப்பரு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். என் வீட்டிலேயே, ஒரு பிற்பகலில் ஹேமா வந்து எழுதினாள். மதிப்பெண் நிறையவே இறங்கியது. மறுநாள் முனிரத்தினத்திடம் போனில் அதைச் சொன்னேன், இதற்கும் இதற்கும் நடுவில் என்று, கீழ் எண்ணை முதலில் வைத்து. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிளஸ் டூ முடிந்ததும் நர்சிங்குக்கும் சேர்த்து விண்ணப்பம் போடச் சொல்லி ஹேமாவிடம் சொல்லியாயிற்று என்றார், வேளாண்மைக்கும் போடலாமா என்று விசாரித்தார். போடச் சொன்னேன்.

"சரிங்க மிஸ்" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பெரியவளுக்கு இது தெரிய வேணாம் மிஸ்" என்றார்.